நாத்திகரா, அக்னாஸ்டிக்கா? "நம்பவில்லை"க்கும் "தெரியவில்லை"க்கும் இடையே என்ன இருக்கிறது?

1. நெய்தல்நிலவன்

மெய்யியல் முதலாண்டு மாணவர்களுக்கான கலைச்சொல் கையேட்டில் இரண்டு பதிவுகள் எழுத வேண்டும்: நாத்திகர், அக்னாஸ்டிக். வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம் இதுதான்: ஆத்திகர் கடவுள் உண்டு என்பார், நாத்திகர் இல்லை என்பார், அக்னாஸ்டிக் தெரியாது என்பார். மூவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள், அக்னாஸ்டிக் நடுவில்.

என் கேள்விகள் இரண்டு. ஒருவர் நாத்திகராகவும் அக்னாஸ்டிக்காகவும் ஒருசேர இருக்க முடியுமா? அக்னாஸ்டிக்குக்குத் தமிழில் அறியொணாவாதி, அறியவியலாமைக் கொள்கையர், ஐயவாதி என்று பல சொற்கள் ஓடுகின்றனவே, இவற்றில் எது பொருந்தும்?

2. அளவைநூல்

ஒரே கோடு என்று வைத்ததிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. அங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன.

முதல் கேள்வி: கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறீர்களா? இது நம்பிக்கை பற்றியது. இரண்டாவது: அது உங்களுக்குத் தெரியுமா, அல்லது யாராலாவது தெரிந்துகொள்ள முடியுமா? இது அறிவு பற்றியது. முதல் கேள்விக்கு "தெரியாது" என்று பதில் சொன்னால் கேள்வி கேட்டபடியே நிற்கும். நாளை மழை வருமா என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் வரும் என்று நம்பிக் குடையை எடுத்துக்கொள்ளலாம், வராது என்று நம்பி விட்டுவிட்டும் போகலாம்.

இரண்டு கேள்விகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு அறைகள் வரும். நம்புகிறேன், தெரியவும் செய்யும் என்பவர் ஒருவர். நம்புகிறேன், ஆனால் தெரிந்ததாகச் சொல்லமாட்டேன் என்பவர் இன்னொருவர். பக்தி உள்ளவர்களில் நிறையப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. நம்பவில்லை, இல்லை என்று தெரிந்ததாகவும் சொல்லமாட்டேன் என்பவர் மூன்றாமவர். நம்பவில்லை, இல்லை என்று தெரியும் என்பவர் நான்காமவர். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் மூன்றாம் அறை: ஆம், இரண்டாகவும் இருக்கலாம்.

இதில் தமிழுக்கே உரிய ஓர் இடறல் உண்டு. "கடவுள் இருப்பதாக நான் நினைக்கவில்லை" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். சொல்பவர் "அந்த எண்ணம் என்னிடம் இல்லை" என்ற பொருளில் சொல்லலாம். கேட்பவர் காதிலோ "இல்லை என்று நினைக்கிறேன்" என்றுதான் விழும். "அவன் வருவான்னு நினைக்கல" என்றால் வரமாட்டான் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? எதிர்மறை வினைமுற்றில் இருந்தாலும் பொருள் உள்வாக்கியத்துக்குள் இறங்கிவிடுகிறது. இந்தத் தலைப்பில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. தவிர்க்க வழி நம் மொழியிலேயே இருக்கிறது. உம்மையை இரண்டு பக்கமும் போடுங்கள்: "இருக்கிறார் என்றும் நம்பவில்லை, இல்லை என்றும் நம்பவில்லை." இதைத் தவறாகக் கேட்க முடியாது.

3. பழைய ஏடு

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அக்னாஸ்டிக் என்ற சொல்லை உருவாக்கியவர் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. ஆண்டு 1869, இடம் லண்டன் மெட்டாஃபிசிக்கல் சொசைட்டி என்ற விவாதச் சங்கத்தின் வட்டாரம். அந்தச் சங்கத்தில் ஆளுக்கொரு கொள்கைப் பெயர் இருந்தது, தமக்கு ஒன்றும் இல்லை என்பதால் தாமே ஒன்றைச் சமைத்துக்கொண்டதாக 1889-இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். தமக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களைத் தெரிந்தவர்களாகச் சொல்லிக்கொண்ட பழைய திருச்சபைக் கால ஞானக் குழுவினருக்கு (நாஸ்டிக்குகளுக்கு) எதிர்ப்பதமாக அமைந்த பெயர் அது. ஏதென்ஸ் நகரில் பவுல் கண்ட "அறியப்படாத கடவுளுக்கு" என்ற பலிபீட வாசகத்திலிருந்து எடுத்தார் என்று ஹட்டன் என்ற இதழாசிரியர் எழுதியிருக்கிறார். ஹக்ஸ்லியின் சொந்த விளக்கம் அதுவல்ல.

கவனிக்க வேண்டியது: ஹக்ஸ்லி இதை ஒரு கோட்பாடாகவே சொல்லவில்லை, ஒரு நடைமுறையாகத்தான் சொன்னார். பகுத்தறிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகுமோ அவ்வளவு தூரம் போ; நிறுவப்படாததை நிறுவப்பட்டதுபோல் காட்டாதே. இந்த விதி கடவுளுக்கு மட்டுமானது அல்ல, எந்தக் கூற்றுக்கும் பொருந்தும்.

"இறுதி உண்மை மனித அறிவுக்கு எட்டவே எட்டாது" என்பது வேறு நிலைப்பாடு. அதை 1862-இலேயே விரிவாக எழுதியவர் ஆங்கில மெய்யியலாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். ஹக்ஸ்லி சொல்வது "அறிந்ததாகச் சொல்லமாட்டேன்." ஸ்பென்சர் சொல்வது "அறியவே முடியாது." பின்னது மிகப் பெரிய கூற்று. கடவுளைப் பற்றி எதுவும் அறிய முடியாது என்பது எப்படி அறியப்பட்டது என்று கேட்டால் அதற்கும் ஆதாரம் காட்டியாக வேண்டும்.

இப்போது நம் சொற்களுக்கு வாருங்கள். அறியொணாமை, அறியவியலாமை இரண்டும் ஸ்பென்சரின் பக்கம். "ஒணா", "இயலா" என்றாலே முடியாது என்று முத்திரை குத்தியாகிவிட்டது. ஹக்ஸ்லியையும், தம்மை அக்னாஸ்டிக் என்பதே பொருத்தம் என்று 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதிய டார்வினையும் "அறியொணாவாதி" என்று மொழிபெயர்த்தால், அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணிக்கிறோம். ஐயவாதம் இன்னும் தூரம். அது எல்லா அறிவையும் கேள்விக்குட்படுத்தும் ஸ்கெப்டிசிசத்துக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர்.

4. செங்காட்டான்

விவரங்களுக்கு நன்றி, ஏட்டையா. ஆனால் இந்த நுணுக்கமெல்லாம் எதற்குப் பயன்பட்டது என்றும் சொல்ல வேண்டும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நாத்திகர் என்றால் ஒழுக்கம் கெட்டவர், கலகக்காரர், கீழ்த்தட்டுக்காரர் என்று பொருள். அக்னாஸ்டிக் என்றால் பேராசிரியர். எங்கெல்ஸ் 1892-இல் அக்னாஸ்டிசிசத்தை "வெட்கப்படும் பொருள்முதல்வாதம்" என்றார். ஆய்வுக்கூடத்தில் கடவுளுக்கு ஒரு வேலையும் கொடுக்காதவர், வெளியே வந்ததும் "அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை" என்கிறார் என்பது அவர் வாதம்.

பெரியார் 1967-இல் விடயபுரத்தில் "கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" என்று அறிவித்தபோது நாலு அறைக் கட்டத்தை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாதியைத் தாங்கி நிற்கும் தூண் எது என்று பார்த்து அதை இடித்தார். அந்த இடத்தில் "தெரியாது" என்பது தூணுக்கு முட்டுக்கொடுப்பது.

5. அளவைநூல்

தோழர், உங்கள் வரலாற்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் இரண்டு கேள்விகளை மறுபடியும் ஒன்றாக்கிவிட்டீர்கள். ஒரு சொல்லை யார் எந்த வசதிக்காக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. அந்த நிலைப்பாடு சரியா என்பது இன்னொன்று. கோழை ஒருவர் "தெரியாது" என்று சொல்வதால் "தெரியாது" என்பதே கோழைத்தனம் ஆகிவிடாது.

விக்டோரியா காலத்து நாத்திகரே என்ன சொன்னார் என்றும் பாருங்கள். சார்லஸ் பிராட்லா தொழிலாளர் கூட்டங்களில் வெளிப்படையாக நாத்திகம் பேசியவர். அவர் எழுதியது: நாத்திகர் "கடவுள் இல்லை" என்று சொல்வதில்லை, "கடவுள் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை, அப்படி ஓர் எண்ணம் என்னிடம் இல்லை" என்கிறார். அதே சமயம், பொருளோடு விளக்கப்பட்ட, உள்முரண் கொண்ட கடவுள்களை அவர் நேராகவே மறுத்தார். நிதானமும் துணிவும் ஒரே ஆளிடம் இருந்தன.

இந்தப் பிராட்லாவின் எழுத்து நம் ஊருக்கும் வந்தது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய தத்துவவிவேசினி இதழ் அந்த வட்டாரத்தோடு தொடர்பு வைத்திருந்தது. சுயமரியாதை இயக்கத்துக்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் முந்தைய தமிழ் நாத்திகம் அது. அதைப் பற்றி இன்னும் பேசவேண்டும், தனி இழையில் பேசலாம்.

6. கணக்குப்பிள்ளை

"இல்லை என்று நிரூபிக்க முடியாது, ஆகவே எல்லாரும் அக்னாஸ்டிக்தான்" என்ற வாதம் இந்த இழைக்கும் வந்து சேரும். அதற்கு முன்பே கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

ஒரு மூட்டை அரிசி. அதில் வண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. தொடக்கத்தில் சமவாய்ப்பு, 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

முறை ஒன்று: மூட்டையின் வாயைத் திறந்து மேலாகப் பார்க்கிறோம். வண்டு இருந்தால் இப்படிப் பார்த்ததில் கண்ணில் பட வாய்ப்பு 10 விழுக்காடு. படவில்லை. இப்போது வண்டு இருக்க வாய்ப்பு: 0.5 × 0.9 = 0.45, அதை 0.45 + 0.5 = 0.95 ஆல் வகுத்தால் சுமார் 47 விழுக்காடு. 50 லிருந்து 47. ஏறக்குறைய ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

முறை இரண்டு: முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக முறத்தில் இட்டுப் புடைக்கிறோம். இருந்தால் அகப்பட வாய்ப்பு 90 விழுக்காடு. அகப்படவில்லை. 0.5 × 0.1 = 0.05, அதை 0.55 ஆல் வகுத்தால் சுமார் 9 விழுக்காடு. இன்னொருவர் இன்னொரு முறை அதே கவனத்தோடு தனியாகப் புடைத்தும் அகப்படவில்லை என்றால் சுமார் 1 விழுக்காடு. இந்த இடத்தில் "இந்த அரிசியில் வண்டு இல்லை" என்று சொல்லிவிட்டு உலை வைப்போம். அதை யாரும் ஆணவம் என்று சொல்லமாட்டார்கள்.

முறை மூன்று: கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத, அரிசியைத் தின்னாத வண்டு. எத்தனை முறை புடைத்தாலும் 50 என்பது 50 ஆகவே நிற்கும். ஏனென்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறத்தில் ஒரே காட்சிதான்.

ஆகவே "காணவில்லை" என்பதற்கு எடை உண்டா என்பது, இருந்தால் கண்டிருப்போமா என்பதைப் பொறுத்தது. வேண்டுதலுக்கு இறங்கி நோயைத் தீர்க்கும் கடவுள் என்றால் அது முறை இரண்டுக்கு அருகே வரும், சோதிக்க இடமிருக்கிறது. உலகைத் தொடக்கிவிட்டு ஒதுங்கிய கடவுள் என்றால் முறை மூன்று.

கணக்கு தவறுகிற இடங்களையும் சொல்கிறேன். முதல் தவறு அந்தத் தொடக்க 50. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆக 50–50" என்பது கணக்கே அல்ல. ஒன்றையொன்று விலக்கும் மூன்று மதங்களின் மூன்று முழுமுதற் கடவுள்களுக்கும் ஆளுக்கு 50 கொடுத்தால் கூட்டுத்தொகை 150 வந்துவிடும். மெய்யியலாளர் ரஸ்ஸல் 1952-இல் எழுதிய தேநீர்க் கெண்டி உவமையும் இதைத்தான் சொல்கிறது: பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத அளவு சிறிய கெண்டி ஒன்று சூரியனைச் சுற்றுகிறது என்றால் அதை மறுக்க முடியாது. அதற்காக அதற்குப் பாதி வாய்ப்பு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது தவறு, இரண்டு தேடல்களைத் தனித்தனி என்று கொள்வது. முதலாமவர் விட்ட அதே மூலையை இரண்டாமவரும் விட்டிருந்தால் 9 என்பது 1 ஆகாது.

7. பழைய ஏடு

கணக்குப்பிள்ளை சொன்னது நம் அளவை மரபில், அதாவது அறியும் வழிகளை ஆராயும் மரபில், பெயரோடு இருக்கிறது. மணிமேகலை 27-ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவம் ஒன்று: இன்மையை அறியும் வழி. வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்களில் பாட்டப் பிரிவினரும் அதை ஏற்றார்கள், ஒரு நிபந்தனையோடு: காணத் தகுந்தது காணப்படாவிட்டால்தான் இன்மை தெரியும். பகல் வெளிச்சத்தில் திண்ணையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. ஈசுவரன் இருப்பை நிறுவ நூல் எழுதிய நியாயம் என்ற தர்க்கப் பள்ளியின் ஆசிரியர் உதயணர் இந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான், காணத் தகாத ஈசுவரனைக் காணாமை எப்படி மறுக்கும் என்று கேட்டார். அதாவது, வண்டை மூன்றாம் முறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

8. யாழ்மொழி

வணக்கம். அளவைநூல் அண்ணையின்ரை நாலு அறைக் கட்டம் இணையத்திலே மிகவும் பரவியது, விளங்கிக்கொள்ள வசதியானது. ஆனால் மெய்யியல் துறைக்குள்ளே அதற்கு எதிர்ப்பு வலுவாக உண்டு, கையேட்டிலே அதையும் எழுதவேண்டும்.

நாத்திகம் என்றால் "கடவுள் நம்பிக்கை இல்லாமை" மட்டும்தான் என்ற விரிந்த வரையறையை முன்வைத்தவர்களில் முக்கியமானவர் ஆங்கில மெய்யியலாளர் ஆன்டனி ஃப்ளூ, 1972-இல். குற்றவாளி என்று நிறுவும்வரை நிரபராதி என்று நீதிமன்றம் கொள்வதுபோல, கடவுள் உண்டு என்று நிறுவும்வரை நம்பாமையே தொடக்க நிலை என்றார். அவர் கணக்கில் வன்னாத்திகம் "இல்லை" என்று உறுதி சொல்வது, மென்னாத்திகம் வெறுமனே நம்பாமல் இருப்பது. (இவரே 2004-இல் ஒருவகை முதற்காரணக் கடவுளை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார், வாதம் அதனாலே கெட்டுப்போகாது.)

எதிர்ப்பு என்ன? பால் டிரேப்பர் போன்ற மெய்யியலாளர் கேட்பது: மெய்யியல் ஆராய்வது "கடவுள் உண்டு" என்ற கூற்று மெய்யா பொய்யா என்பதை, ஒருவரின் மனநிலையை அல்ல. மெய் என்பது ஆத்திகம். பொய் என்பது நாத்திகம். இரண்டையும் தீர்க்காமல் நிறுத்தி வைப்பது அக்னாஸ்டிசிசம். நம்பாமை மட்டுமே நாத்திகம் என்றால் தொட்டில் குழந்தையும் நாத்திகர், கடவுள் என்ற சொல்லையே கேள்விப்படாதவரும் நாத்திகர், ஆழ யோசித்துத் தீர்ப்பை நிறுத்திவைத்தவரும் நாத்திகர். மூன்று பேரையும் ஒரே சொல்லாலே அழைத்தால் அந்தச் சொல்லுக்கு வேலை குறைந்துவிடுகிறது.

எனக்கு இந்தப் பக்கம்தான் சரியாகப் படுகிறது. நிறுத்திவைத்தல் என்பது தனியான ஒரு மனநிலை. மெரினா மணலின் துகள் எண்ணிக்கை இந்தக் கணம் இரட்டைப்படையா என்று கேட்டால், இரட்டை என்றும் நம்பமாட்டேன், ஒற்றை என்றும் நம்பமாட்டேன். இதை "இரட்டையின்மைவாதம்" என்று அழைக்க ஒருவரும் துணியமாட்டார்கள்.

9. அளவைநூல்

மணல் உதாரணம் நல்ல உதாரணம், தங்கச்சி, ஏற்கிறேன். ஆனால் அதுவே எனக்கும் உதவுகிறது. மணலில் இரண்டு பக்கமும் எடை சமம். கடவுள் விஷயத்தில் "80 பங்கு இல்லை என்று தோன்றுகிறது, தெரிந்ததாகச் சொல்லமாட்டேன்" என்பவரை உங்கள் மூன்று பெட்டிகளில் எங்கே வைப்பீர்கள்? உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006-இல் 1 முதல் 7 வரை ஏழு படி அளவுகோல் ஒன்று தந்தார்: 1 முழு ஆத்திகம், 4 நடு, 7 முழு மறுப்பு. தம்மை 6-இல் வைத்தார். 5-உம் 6-உம் ஆனவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும்.

10. யாழ்மொழி

6 என்றால் நாத்திகர் என்பேன். எந்த நம்பிக்கைக்கும் முழு உறுதி நாங்கள் கேட்பதில்லையே. பூதம் இல்லை என்று நம்புகிறவரிடம் 100 பங்கு நிச்சயம் உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. கடவுளை மறுப்பவரிடம் மட்டும் அதைக் கேட்பது நியாயமில்லை. ரஸ்ஸல் இந்தச் சிக்கலுக்குச் சொன்ன வழி: மெய்யியலாளர் கூட்டத்திலே பேசினால் அக்னாஸ்டிக் என்பேன், தெருவிலே சாதாரண மனிதரோடு பேசினால் நாத்திகர் என்பேன், ஏனென்றால் ஹோமரின் தெய்வங்களையும் என்னால் கண்டிப்பாக மறுத்து நிரூபிக்க முடியாது, ஆனால் அவை இல்லை என்றே எல்லாரும் பேசுகிறோம். "தெரியும்" என்ற சொல்லை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறீர்கள் என்பதிலேதான் வித்தியாசம்.

11. நெய்தல்நிலவன்

இரண்டு வரையறைகளையும் அருகருகே தருகிறேன், எது எங்கே புழங்குகிறது என்ற குறிப்போடு. இன்னும் ஒன்று. நாத்திகர் என்ற தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமா, இறைமறுப்பாளர் என்று மாற்றவா?

12. பழைய ஏடு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாத்திகம் என்ற சொல்லுக்குள் மூன்று பொருள்கள் உறங்குகின்றன.

பாணினி 4.4.60-இல் "உண்டு", "இல்லை", "விதி" என்ற எண்ணம் உடையவர்களுக்கு ஆத்திகர், நாத்திகர், தைஷ்டிகர் என்று பெயர் அமையும் என்கிறார். எது உண்டு, எது இல்லை? சூத்திரம் சொல்லவில்லை. உரைகாரர் மறுமை என்று நிரப்புகிறார். மனுவோ 2.11-இல் வேதத்தை நிந்திப்பவனே நாத்திகன் என்கிறார். கடவுளை மறுப்பவர் என்பது மூன்றாவது பொருள், இன்று நாம் புழங்குவது.

மூன்றையும் கலந்தால் விபரீதமான விடைகள் வரும். படைப்புக் கடவுளை ஏற்காத சாங்கியரும் பழைய மீமாம்சகரும் வேதத்தை ஏற்றதால் ஆத்திகர். மறுபிறப்பையும் வினையையும் உறுதியாக ஏற்று நோன்பிருக்கும் சமணர் மனு கணக்கில் நாத்திகர். அதே சமணர் பாணினி உரைகாரர் கணக்கில் ஆத்திகர்.

குறள் 850-ஐயும் மேடைகளில் நாத்திகருக்கு எதிராக எடுப்பார்கள்: "உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்." உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாகக் கருதப்படுவான் என்பது பொருள். அங்கே கடவுள் என்ற சொல்லே கிடையாது. அதிகாரம் புல்லறிவாண்மை, அதாவது அற்ப அறிவு. கடவுள், மறுபிறப்பு, இருவினைப் பயன் என்ற பட்டியலைக் கொண்டுவந்தவர் பரிமேலழகர். கையேட்டில் இந்தக் குறளை மேற்கோள் காட்டினால் குறள் வேறு, உரை வேறு என்று பிரித்துக் காட்டுங்கள்.

அதேபோல் புறநானூறு 194-இல் பக்குடுக்கை நன்கணியார் படைத்தவனைப் "பண்பிலாளன்" என்கிறார். ஒரு வீட்டில் நெய்தற்பறை (சாப்பறை), பக்கத்து வீட்டில் மணமுழவு. இப்படி ஓர் உலகைப் படைத்தானே என்ற கோபம். இதை நாத்திகப் பாட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். திட்டுவதற்கே அங்கே ஆள் இருந்தாக வேண்டும். கடவுளோடு சண்டையிடுவது வேறு, கடவுளை மறுப்பது வேறு.

13. செங்காட்டான்

அப்படியென்றால் அக்னாஸ்டிக் நிலைக்கு நம் நாட்டில் வேர் உண்டா? அல்லது இது முழுக்க லண்டன் சரக்கா?

14. பழைய ஏடு

உண்டு, அதுவும் நாத்திகத்தோடு அருகருகே, தனித்தனியாக. பாலி நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தத்தில் அஜாதசத்துரு ஆறு ஆசிரியர்களின் கொள்கையைப் புத்தரிடம் சொல்கிறான். அவர்களில் அஜித கேசகம்பலர் நேராக மறுக்கிறார்: தானத்துக்குப் பயன் இல்லை, மறுமை இல்லை, உடல் நான்கு பூதங்களாகப் பிரிந்துபோகிறது. சஞ்சய பெலட்டிபுத்தர் மறுப்பதில்லை. மறுமை உண்டா என்று கேட்டால், அப்படி என்றும் சொல்லேன், இப்படி என்றும் சொல்லேன், வேறு என்றும் சொல்லேன், இல்லை என்றும் சொல்லேன், இல்லை அல்ல என்றும் சொல்லேன் என்கிறார். பௌத்தர்கள் இவ்வகையினரை விலாங்குமீன்போல் நழுவுபவர் என்றார்கள். எங்கெல்ஸின் குற்றச்சாட்டுக்கு இது பழைய வடிவம். சமணர்கள் 363 பிற கொள்கைகளைக் கணக்கிட்டபோது அஞ்ஞானவாதத்துக்கு (அறிய முடியாது என்பது) 67, அக்கிரியாவாதத்துக்கு (வினைக்குப் பயன் இல்லை என்பது) 84 என்று தனித்தனிப் பெட்டி கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றைக்கே தெளிவு.

ஆனால் சஞ்சயரையும் ஹக்ஸ்லியையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். சஞ்சயர் தீர்ப்பே சொல்வதில்லை. ஹக்ஸ்லி ஆதாரம் உள்ள இடத்தில் கூசாமல் தீர்ப்புச் சொன்னவர்.

தமிழில் மறுப்புப் பக்கம் வலுவாகவே பதிவாகியிருக்கிறது. மணிமேகலையின் பூதவாதி தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் மதுவில் களிப்புப் பிறப்பதுபோல் பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது என்கிறான். "கண்கூடு அல்லது கருத்தளவு அழியும்" என்று அனுமானத்தைத் தள்ளிக் காட்சியை மட்டும் ஏற்கிறான். மணிமேகலை திருப்பிக் கேட்பது கூர்மையானது: உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? அவள் தாக்குவது அவன் "இல்லை" என்றதை அல்ல, அவன் கையிலிருக்கும் அளவுகோலை. இன்றைய விவாதங்களிலும் இந்த இடத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

15. தாமிரபரணி

கணக்கெடுப்பும் சட்டமும் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

கணக்கெடுப்பில் ஒருவர் தேர்ந்தெடுப்பது அடையாளம், நிலைப்பாடு அல்ல. அமெரிக்காவில் கருத்தாய்வுகள் நடத்தும் பியூ மையத்தின் 2023–24 ஆய்வில் தம்மை நாத்திகர் என்றவர்கள் 5 விழுக்காடு, அக்னாஸ்டிக் என்றவர்கள் 6, "குறிப்பாக எதுவுமில்லை" என்றவர்கள் 19. ஆனால் அதே மையத்தின் 2017 ஆய்வில் நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 18 விழுக்காட்டினர் ஏதோ ஓர் உயர்ந்த சக்தியில் நம்பிக்கை உண்டு என்றார்கள். மதத்தின் கடவுளை மறுத்துவிட்டு சக்தியை ஏற்கிறார்கள். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதோர் சுமார் 28.7 லட்சம், 0.24 விழுக்காடு. இதை நாத்திகர் எண்ணிக்கை என்று எழுதுவது தவறு; மதம் சொல்ல விரும்பாதவரும் அதில் உண்டு, கடவுள் மறுத்தும் பிறந்த மதத்தையே பதிந்தவர்கள் அதில் இல்லை.

நீங்களே வினாத்தாள் தயாரிப்பதானால் ஒரே கேள்வியில் முடிக்காதீர்கள். எந்த மதத்தைச் சேர்ந்தவர், எந்த வகைக் கடவுளை நம்புகிறார், எவ்வளவு உறுதி, அறிய முடியும் என்று கருதுகிறாரா, வழிபடுகிறாரா: ஐந்தும் தனித்தனி. கடைசியை விட்டுவிட்டால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் மறுப்பாளர் கணக்கில் வரமாட்டார்.

சட்டம்: பிராட்லா 1880-இல் நார்த்தாம்ப்டனிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். சத்தியப் பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அதற்குப் பின் மூன்று இடைத்தேர்தல்களில் வென்றும் தடையின்றி உள்ளே அமர முடிந்தது 1886-இல்தான். 1888 சட்டம் உறுதிமொழியை எல்லாருக்கும் திறந்துவிட்டது. நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வடிவங்களும் உள்ளன: "கடவுள் பெயரால் ஆணையிட்டு", "உளமார உறுதிகூறி". தமிழக அமைச்சரவைகளில் இரண்டையும் கேட்டிருப்பீர்கள். ஆனால் உறுதிமொழி எடுத்தவர் எல்லாம் நாத்திகர் என்று முடிவுகட்டாதீர்கள். ஆணையிடவே கூடாது என்ற மத்தேயு 5:34-ஐப் பிடித்துக்கொண்டு குவேக்கர் கிறித்தவர்கள் பக்தியினாலேயே ஆணை மறுத்தார்கள்.

சுயமரியாதைத் திருமணமும் அப்படியே. 1967-இன் தமிழகத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவாகச் சேர்ந்தது. புரோகிதர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், தாலியும் கட்டாயமில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது இந்துத் திருமணம். நம்பிக்கையைச் சட்டம் கேட்பதே இல்லை.

16. செங்காட்டான்

நல்ல பதிவு. பகுத்தறிவு இயக்கம் என்றாலே நாத்திகம் என்று எழுதுபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். அண்ணா எடுத்துக்கொண்ட முழக்கம் திருமூலரின் "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்." பெரியாரோடு ஒரே மேடையில் வளர்ந்தவர் கடவுளைப் பொறுத்து வேறு வாசகத்தைத் தேர்ந்தெடுத்தார். இயக்கத்தின் பெயரை வைத்து ஆளின் நிலைப்பாட்டை ஊகிக்க வேண்டாம்.

17. நெய்தல்நிலவன்

வரைவு:

"நாத்திகம்: (1) கடவுள் இல்லை என்னும் நிலைப்பாடு, மெய்யியல் துறை வழக்கு. (2) கடவுள் நம்பிக்கை இல்லாமை. இயக்க, இணைய வழக்கு. (3) வேதத்தையோ மறுமையையோ ஏற்காமை. பழைய வடமொழி, தமிழ் நூல்களில். வாசிக்கும் நூலில் எந்தப் பொருள் என்று முதலில் தீர்மானிக்கவும்.

அறியாநிலைவாதம்: கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ அறிந்ததாகச் சொல்லாமை. அறியவே முடியாது என்னும் வலிய வடிவத்தை அறியொணாவாதம் எனப் பிரித்து வழங்கலாம். இது 50–50 என்று பொருள்படாது. ஒருவர் ஒரு கடவுளைப் பொறுத்து மறுப்பாளராகவும் இன்னொன்றைப் பொறுத்து அறியாநிலையினராகவும் இருக்கலாம்."

18. அளவைநூல்

கடைசி வரிதான் மொத்த இழையிலும் எனக்கு முக்கியம். அதை மேலே கொண்டுபோங்கள். எந்தக் கடவுள் என்று கேட்காமல் தொடங்கினால் மற்றதெல்லாம் வீண்.

19. யாழ்மொழி

"அறியாநிலை" என்ற சொல் மாணவரின் காதிலே அறியாமை என்று விழும், அது வசை. "அறிந்தேன் என்னாமை" என்று விரித்துச் சொல்லலாம், நீளம்தான். அல்லது அக்னாஸ்டிக் என்றே ஒலிபெயர்த்துத் தலைச்சொல்லாக வைத்து விளக்கத்தைத் தமிழிலே தரலாம். எனக்குப் பின்னது விருப்பம்.

20. நெய்தல்நிலவன்

தலைச்சொல் அக்னாஸ்டிக் என்று மாற்றிவிட்டேன். "எந்தக் கடவுள்" வரி இரண்டு பதிவுகளுக்கும் முதல் வாக்கியமாகிவிட்டது. இறைமறுப்பை நாத்திகம் (1)-க்கு மட்டும் இணைச்சொல்லாகக் கொடுத்திருக்கிறேன். நம்பாமல் இருப்பவர் எதையும் மறுத்திருக்க வேண்டியதில்லை.